மூன்று ஓலையும் பதினோரு நாளும்

ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பேப்பரில் நான் ஒருமுறை ஃபெயில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது எடுத்துச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். அஞ்சல் வழியில் எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். பகலில் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கண்டெய்னர் யார்டில் பிளானிங் வேலை. எந்தப் பெட்டி முதலில் வெளியே போக வேண்டுமோ அது மேலே இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அது எப்போதும் அடியில்தான் இருக்கும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

பாடப்புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரு கம்பெனி மேசையும் நாற்காலியும் செய்துகொண்டே இருக்கும். மரம் இவ்வளவு, ஆள் இவ்வளவு, எத்தனை மேசை எத்தனை நாற்காலி செய்தால் லாபம் கூடும்? ஏன், உப்பு விற்கக்கூடாதா? நண்டு விற்கக்கூடாதா? இன்னொரு கணக்கில் ஒரு விற்பனையாளன் எட்டு ஊருக்கும் ஒரேயொரு தடவை போய்விட்டுத் திரும்ப வேண்டும், எது குறைந்த தூரம் என்று கேட்பார்கள். எங்கள் சித்தப்பாவை அனுப்பினால் முதலில் ஆத்தூரில் இறங்கி வெற்றிலை வாங்குவார். மீதி ஏழு ஊரும் அவருக்குக் கணக்கிலேயே வராது. வரிசைகளைப் பற்றி ஒரு பாடம் உண்டு. வருகிறவர்கள் வந்த ஒழுங்கில் வரிசையாக நிற்பார்கள் என்று அதில் முதல் வரியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். எழுதியவர் திரேஸ்புரத்து மீன் ஏலத்தைப் பார்த்திருக்க மாட்டார், பாவம்.

சனிக்கிழமை வகுப்புக்கு நாசரேத்திலிருந்து ஒரு சார் பஸ்ஸில் வருவார். இரண்டாம் தடவை நான் அந்தப் பேப்பருக்கு உட்கார்ந்தபோது அவர் என் புலம்பலைக் கேட்டுக் களைத்துப்போய், "மேசை நாற்காலி வேண்டாம். உங்க சொந்த வாழ்க்கையில ஒரு வேலைய எடுத்து நெட்வொர்க் படம் போட்டுக் கொண்டாங்க" என்றார். எனக்கு அப்போது சொந்த வாழ்க்கையில் ஒரே ஒரு வேலைதான் இருந்தது. என் கல்யாணம்.

மாப்பிள்ளை கப்பலில் இன்ஜினியர். நாலு வருடமாக நிச்சயமாகி நின்ற கல்யாணம் இது. இரண்டு தடவை தேதி வைத்தோம். ஒரு தடவை கப்பல் கரைக்கு வரவே இல்லை. மறு தடவை வந்தவரைப் பன்னிரண்டாம் நாளே கம்பெனி திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. இந்த மூன்றாம் தடவை ஒரு திங்கட்கிழமை குறித்தார்கள். மண்டபம் அன்றைக்குத்தான் கிடைத்தது. அதற்கு அடுத்த புதன், விபூதி புதன். அன்றைக்குத் தபசு காலம் தொடங்கிவிட்டால் எங்கள் கோயிலில் ஈஸ்டர் வரைக்கும் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் வரும்போது இவர் நடுக்கடலில் இருப்பார், திரும்பி வர இன்னும் ஒன்பது மாதம். ஆக, அந்தத் திங்கள் தவறினால் எல்லாம் தவறிப்போகும்.

அதிலே இன்னொரு முடிச்சும் உண்டு. எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் அறிவிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமையை அவசரப்படுத்த எந்தப் புத்தகத்திலும் வழி இல்லை. கூடுதல் ஆள் போட்டாலும் ஞாயிறு ஏழு நாளைக்கு ஒரு தடவைதான் வரும்.

கல்யாணத்துக்குச் சரியாக ஐந்து வாரம் இருந்த ஒரு திங்கட்கிழமை, இரண்டு சார்ட் பேப்பரை ஒட்டிப் படத்தைப் போட்டு முடித்தேன். வட்டம், அம்பு, வட்டம், அம்பு. ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நாள், எது முடிந்த பிறகு எது, எல்லாம் அதில் இருந்தது. எந்த வேலைகள் ஒரு நாள் பிந்தினாலும் கல்யாணமே பிந்துமோ அந்த வழியைச் சிவப்பு மையால் இழுத்தேன். அதுதான் கிரிட்டிக்கல் பாத். மற்ற வழிகளில் கொஞ்சம் தாராளம் இருக்கும், இத்தனை நாள் பிந்தினாலும் குடி முழுகாது என்று. அந்தத் தாராளத்துக்கு ஃப்ளோட் என்று பெயர்.

படத்தைக் கூடத்துச் சுவரில் ஒட்டிவிட்டு வீட்டாரைக் கூப்பிட்டேன். அப்போதுதான் தெரிந்தது, சிவப்புக் கோடு போட்டது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று. எல்லாருக்கும் சிவப்பில் இடம் வேண்டும்.

சிவப்புக் கோடு அம்மா வழியாகப் போனது. பத்திரிகை அடித்து, வீடு வீடாகப் போய் நேரில் அழைக்கிற வேலை அவளுடையது. அதுதான் எல்லாவற்றையும்விட நீளம். அம்மா இதைக் கேட்டதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அத்தையின் முகம் மாறியது.

அத்தை அப்பாவின் அக்கா. அடுத்த தெரு. நண்டு கம்பெனியில் சூப்பர்வைசர், நாற்பது பெண்கள் அவள் கண்ணசைவில் ஓட்டிலிருந்து சதையைப் பிரித்தெடுப்பார்கள். ஓரத்தில் நிற்கிற வழக்கமே அவளுக்குக் கிடையாது.

"ஏளா, என் கோடு எங்க?"

"இங்கன, அத்தை. நீலம்."

"நீலம்னா?"

"நீங்க அம்மா ஊர்க் கோயில்ல போயி என் ஞானஸ்நானச் சர்டிபிகேட்ட வாங்கிட்டு வாரீங்க. ரெண்டு நாள் வேல. அவசரமே இல்ல. உங்களுக்குப் பதினோரு நாள் ஃப்ளோட் இருக்கு."

"பதினோரு நாள் சும்மா இருக்கதுக்கா என்னக் கூப்பிட்டு வச்சு படம் காட்டுத?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "சும்மா இருக்கிறதும் ஒரு வேலதான் அத்தை" என்றேன். அந்தச் சிரிப்பை அவள் பார்த்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

சித்தப்பாவும் நீலத்தில்தான் வந்தார். சர்டிபிகேட் வந்ததும் கல்யாண விண்ணப்பத்தை எழுதி, எங்கள் தெருக் கோயில் குடும்பங்களின் குழுவான அன்பியத்தின் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்குவது அவர் வேலை. இரண்டு நாள். "ஒங்களுக்கும் பதினோரு நாள் இருக்கு சித்தப்பா" என்றதும், "நல்ல படம்ளா இது, அருமையான படம்" என்று வெற்றிலையை மடித்தார். அதற்குப் பிறகு தம்பி. அந்தக் காகிதங்களை மாப்பிள்ளையின் பங்குக் கோயிலுக்குக் கொண்டுபோய், அங்குள்ள சாமியாரின் கடிதத்தோடு எங்கள் சாமியாரிடம் சேர்க்க வேண்டும். மூன்று நாள். அவனுக்கும் பதினொன்று. மூன்றாவது வெள்ளிக்கிழமைக்குள் காகிதம் சேர்ந்துவிட்டால் அந்த ஞாயிறே முதல் ஓலை. பதினெட்டு நாள் இருக்கிறது, வேலை ஏழு நாள்தான், மீதி பதினொன்று. கணக்கு கண்ணாடிபோல இருந்தது. படத்தைப் போட்டோ எடுத்துச் சாருக்கு அனுப்பினேன். பத்துக்கு ஒன்பது போட்டார். அந்த ஒரு மார்க்கைக் கையெழுத்துக்காகக் குறைத்திருக்கிறாராம்.

அதற்கப்புறம் நான் சிவப்புக் கோட்டை விட்டு ஒரு நிமிடம் அகலவில்லை. யார்டிலிருந்து வந்ததும் வராததுமாக அம்மாவைப் பிடித்துக்கொள்வேன். "இன்னைக்கு எத்தன வீடு? ஏன் எட்டுதான்? அவங்க வீட்ல காப்பி குடிக்க முக்கால் மணி நேரமா?" அம்மா குசினியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்து, "காப்பி குடிக்காம பத்திரிக வச்சா கல்யாணத்துக்கு ஒருத்தி வருவாளாளா?" என்பாள். காப்பியையும் ஒரு வேலையாகப் படத்தில் சேர்த்தேன். அம்மாவை விரட்டுவதில் எனக்கு ஒரு குரூரமான சந்தோஷம் இருந்தது, மறைப்பானேன். இருபத்தெட்டு வருடம் அவள் என்னை விரட்டியிருக்கிறாள்.

இரண்டாவது வாரம் மாப்பிள்ளை ஊர் வந்து சேர்ந்தார். "எல்லாம் சரியாப் போகுதா? இந்தத் தடவையாவது நடக்குமா?" என்று போனில் கேட்டார். "ஒரு நாள் பிசகாது. சுவத்துல ஒட்டியிருக்கேன், வந்து பாருங்க" என்றேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே ஒன்று போடலாம் போலிருக்கிறது.

மூன்றாவது வியாழக்கிழமை சாயங்காலம் தம்பி வந்து வாசலில் பைக்கை நிறுத்தினான். முகம் சரியில்லை.

"அக்கா, அவங்க பங்குச் சாமியாரு தியானத்துக்குப் போயிட்டாராம். ஞாயித்துக்கெழம சாயங்காலம்தான் வருவாராம்."

"ஏலே, நீ இன்னைக்குத்தான் போறியா? இவ்வளவு நாளு எங்க கெடந்த?"

"காகிதமே இன்னைக்கு மத்தியானந்தான் சித்தப்பா தந்தாரு."

சித்தப்பாவைக் கூப்பிட்டேன். சாவகாசமாக வந்தார். "எனக்குச் சர்டிபிகேட்டு வந்ததே போன வெள்ளிக்கெழம. ரெண்டு நாள் வேலைக்கு ஆறு நாள் எடுத்தேன். நாலுதான கூட? நீ தந்தது பதினொண்ணு. ஏழு நாள் மிச்சம் பிடிச்சுத் தந்திருக்கேன், அதுக்கு ஒரு நல்ல வார்த்த உண்டா?"

அத்தையும் வந்து சேர்ந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "ரெண்டு நாள் வேலைக்குப் பதினோரு நாளா அத்தை? வேணும்னுதான செஞ்சீங்க? சிவப்புக் கோட்டுல போடலன்னுதான என் கல்யாணத்த நிறுத்தப் பாக்கீங்க?"

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். நாற்பது பெண்களைப் பார்க்கிற அந்தப் பார்வை இல்லை, வேறே.

"நீ கூடப் பதினொண்ணு தந்த. நான் ஒம்பதுதான் எடுத்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

தம்பி வாய் வைத்துக்கொண்டு சும்மா இருக்கக்கூடாதா? "என் பதினொண்ணு அப்படியே இருக்கு, அக்கா. நான் தொடவே இல்ல" என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுவரில் போய்ப் படத்தைப் பார்த்தேன். நீலக் கோட்டில் மூன்று வேலைகள், ஒன்றன் பின் ஒன்றாக. மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பதினோரு நாள். ஒருத்தர் எடுத்தால் அடுத்தவருக்கு அவ்வளவு குறையும். நானோ ஒரே சட்டிக் குழம்பைக் காட்டி மூன்று பேரிடமும் தனித்தனியாக, இது முழுக்க உனக்குத்தான் என்று சொல்லியிருக்கிறேன். அத்தை ஒன்பது, சித்தப்பா நாலு, சட்டி காலி. முதல் தடவை பரீட்சையில் என்னைக் கவிழ்த்ததும் இதே இடம்தான். அன்றைக்குப் போனது பதினாறு மார்க்கு. இன்றைக்கு முதல் ஓலை போய்விட்டது. இருப்பது இரண்டே ஞாயிறு. பத்திரிகை ஊர் முழுக்கப் போய்விட்டது, சிவப்புக் கோடு மட்டும் ஒரு நாள்கூடப் பிசகாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

யாரிடமும் சொல்லவில்லை. இதுதான் நான் செய்ததிலேயே கேவலமான வேலை. தப்பு என்னுடையது என்று தெரிந்த பிறகும் மூன்று நாள் அத்தையையே எல்லாரும் திட்டட்டும் என்று விட்டுவிட்டேன். அம்மா திட்டினாள், அப்பா திட்டினார். வெற்றிலையை மென்றுகொண்டு சித்தப்பாகூடத் திட்டினார்.

எங்கள் பங்குச் சாமியார் நல்ல மனுஷர். "ஒரு ஓலைக்கு விலக்குக் கேட்டு நான் எழுதித் தாரேன். ஆயர் இல்லத்துல, பிஷப் ஆபீஸ்ல, கொண்டுபோய்க் கொடுங்க. குடுக்கது அவங்க இஷ்டம்" என்றார். காகிதமெல்லாம் சேர்ந்த பிறகு, கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்த திங்கட்கிழமை காலையில் கிளம்பினேன். பெண் வீட்டிலிருந்து பெரியவர் ஒருத்தர் கூட வரவேண்டும் என்றார்கள். "பிந்தினது என்னால. நானே வாரேன்" என்று அத்தை நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். இரண்டு பேரும் ஆட்டோவில் ஆயர் இல்லத்துக்குப் போனோம்.

அலுவலக அறையில் இருந்த சாமியார் வயதானவர். கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார்.

"மாப்பிள்ள கப்பலுக்குப் போறாரு, அதனால அவசரம். இங்கன வார எல்லாரும் இதத்தான் எழுதிட்டு வாரீங்க. கப்பல் என்ன நேத்தா வந்துது? முன்னாலேயே காகிதம் குடுக்க என்ன?"

அத்தை ஒரு அடி முன்னால் வந்தாள். "சாமி, பிள்ள மேல தப்பில்ல. சர்டிபிகேட்ட நான்தான் கையில வச்சுக்கிட்டுப் பிந்திட்டேன். எழுதிக் கேட்டாலும் எழுதித் தாரேன்."

"இல்ல சாமி. தப்பு என்னோடது. அத்தை மேல ஒண்ணுமில்ல" என்றேன். கைப்பையில் மடித்து வைத்திருந்த படத்தின் நகலை எடுத்து அவர் மேசையில் விரித்தேன். வட்டங்களையும் அம்புகளையும் காட்டி, ஒரே பதினோரு நாளை மூன்று பேருக்குக் கொடுத்த கதையைச் சொன்னேன். பரீட்சையில் இவ்வளவு தெளிவாக நான் எழுதியதில்லை. அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாமியார் படத்தின் மேல் விரலை வைத்துக் கோட்டோடு கோடாகப் போனார். அவருக்கு அது பிடித்திருந்தது என்பது தெரிந்தது. "ரொம்ப நல்லாத்தான் போட்டிருக்க. அப்ப இந்தக் கடைசி வட்டத்த ஒரு ஒன்பது மாசம் தள்ளிப் போட்டா என்ன? நாலு வருசம் பொறுத்தாச்சு. படத்துல தள்ளிப் போடுறது லேசுதானம்மா?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பதில் தயாராக இருந்தது. மண்டபம் ஒன்று, பத்திரிகை இரண்டு, அவருடைய ஒப்பந்தம் மூன்று என்று காரணங்களை வரிசையாக எழுதியே வைத்திருந்தேன். காகிதம் கையில்தான் இருந்தது. வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"முடியாது சாமி. என்னால இனி முடியாது. ரெண்டு தடவ சேலை எடுத்து ரெண்டு தடவ மடிச்சு வச்சேன். ஒவ்வொரு தடவையும் அவரு கப்பலேறுற அன்னைக்கு நான் யார்டுல நின்னு சிரிச்சுக்கிட்டு வேல பாத்தேன். எனக்கு அவரு வேணும், சாமி."

சொல்லிவிட்டு அழுதேன். கொஞ்சமாக இல்லை, மூக்கு ஒழுக, ஏங்கி ஏங்கி, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். சாமியார் முன்னால், அத்தை முன்னால். எங்கள் வீட்டில் ஒரு பெண் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சாமியார் இருமினார், மேசையில் பேனாவைத் தேடினார், அது அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, காகிதத்தை என்னிடம் கொடுக்காமல் அத்தையிடம் கொடுத்தார்.

வெளியே வெயில் சுள்ளென்று இருந்தது. கேட்டைத் தாண்டி ரோட்டோரம் வந்து ஆட்டோவுக்காக நின்றோம். அத்தை காகிதத்தை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். தன் துவாலையை என்னிடம் நீட்டினாள். அதில் எவ்வளவு துவைத்தாலும் போகாத நண்டு வாசனை இருந்தது.

"சர்டிபிகேட்ட நான் ரெண்டாம் நாளே வாங்கிட்டேன்" என்றாள்.

"அப்புறம் ஏன் அத்தை?"

"பீரோவுல வச்சிருந்தேன். நீதான சொன்ன, அவசரமே இல்லன்னு. சிரிச்சுக்கிட்டு வேற சொன்ன. ரெண்டு தடவ தள்ளிப் போனப்பவும் நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடலியே. செரி, பிள்ளைக்கு இந்தக் கல்யாணத்துல மனசு இல்ல போல, வாய்விட்டுச் சொல்லத் தெரியல, பதினோரு நாளும் யோசிக்கட்டும்னு நெனச்சேன். நீ வந்து வேண்டாம்னு சொன்னா, சர்டிபிகேட்டு கெடைக்கலன்னு நான் சொல்லிக்கிடலாம்லா? பழி என்னோட போகும்."

நான் துவாலையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"எத்தன நாள் இருக்குன்னு எல்லார்ட்டயும் சொன்ன. ஆசையா இருக்குன்னு ஒருத்தர்ட்டயாவது சொன்னியாளா?"

சொல்லவில்லை. அவரிடமே சொன்னதில்லை. நாலு வருடமாகத் துறைமுகம், தேதி, லீவு, டிக்கெட், இவைதான் எங்கள் பேச்சு. வந்த ஆட்டோவை அத்தை கைகாட்டி நிறுத்தினாள். "கொஞ்சம் நில்லுங்க அண்ணாச்சி" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, அங்கேயே நின்று மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். எடுத்ததும் எடுக்காததுமாக, "கெடைச்சுதா? கையெழுத்துப் போட்டாங்களா?" என்று கேட்டார். கையெழுத்து விஷயத்தை அப்புறம்தான் சொன்னேன்.